குயில் கத்தலாமா?

ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பாரதியாரின் ‘காணி நிலம்’ இருக்கிறது. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் புத்தகம். வண்ணப்படம், க்யூஆர் கோடு எல்லாம் உண்டு. பாடலுக்குக் கீழே ‘சொல்லும் பொருளும்’ என்று ஒரு பகுதி. இடது பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு சிறு கோடு, வலது பக்கம் அதன் பொருள். ‘சித்தம்’ என்பதற்கு எதிரே ‘உள்ளம்’ என்று இருக்கும். நான் பேச வந்தது அந்தச் சிறு கோட்டைப் பற்றி.

நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்தக் கோடு எனக்குச் சமக்குறியாகத்தான் தெரிகிறது. சித்தம் கொடுத்தால் உள்ளம் வரும், மாடம் கொடுத்தால் அடுக்கு வரும். அட்டவணை என்ற அளவில் அதில் குறை ஒன்றும் இல்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல்லுக்குப் பொருள் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் சமக்குறி என்றால் இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றலாம் என்று அர்த்தம். மாற்றிப் பாருங்கள். பாரதி சித்தம் என்று எழுதிய இடத்தில் உள்ளம் என்று வைத்துச் சத்தமாகப் பாடிப் பாருங்கள். பாட்டு அந்த இடத்தில் நொண்டும்.

ஏன் நொண்டுகிறது என்பதற்குக் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியில் அடிக்கு அடி முதல் சொல்லின் இரண்டாம் எழுத்தாக ‘த்’ வந்து தட்டிக்கொண்டே போகிறது. எதுகை. சித்தம் அந்தத் தட்டலின் கடைசி அடி. உள்ளம் வந்தால் தாளக்காரர் கையை எடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். ஒலி ஒரு காரணம் என்றால் புழக்கம் இன்னொன்று. நம் வீடுகளில் சித்தம் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. ‘சித்தம் கலங்கிப் போச்சு’ என்கிறோம். பெரியவர்கள் ‘எல்லாம் அவன் சித்தம்’ என்பார்கள். உள்ளம் எங்கே இருக்கிறது? கல்யாணப் பத்திரிகையில், ஃப்ளெக்ஸ் பேனரில், பழைய சினிமாப் பாட்டில். ‘என் உள்ளம் சரியில்லை, லீவு வேணும்’ என்று யாராவது மேனேஜரிடம் கேட்டதுண்டா?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் சங்க அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு கவிதை வாசிக்கிறேன். வகுப்பு என்று சொல்ல முடியாது. கரும்பலகை கூட இல்லை, ஒரு கேரம் போர்டைத் திருப்பி வைத்து அதில் தாளை ஒட்டி எழுதுகிறோம். எல்லாரும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு. பாதிப் பேர் சிபிஎஸ்இ, மீதி அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும். முதன்முதலில் இந்தப் பாட்டைப் படித்தபோது நடந்த உரையாடல் இது.

“சித்தம்னா என்ன அண்ணா?”

“உள்ளம்னு புக்ல போட்டிருக்கு.”

“உள்ளம்னா?”

“மனசு.”

“அப்போ மனசுன்னே போடலாமே, எதுக்கு ரெண்டு தடவை?”

நியாயமான கேள்வி. தெரியாத சொல்லுக்கு இன்னொரு தெரியாத சொல்லைக் கொடுத்து, பிள்ளையை ஒரு படி தள்ளி நிறுத்துகிறோம். பரீட்சையில் அந்த இரண்டு தெரியாத சொற்களையும் கோடு போட்டு இணைத்தால் மதிப்பெண். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: பொருள் எதையும் தொடாமலேயே சரியான விடையைத் திருப்பித் தருகிற ஃபங்ஷன்.

‘காணி’க்கு வருவோம். நில அளவைக் குறிக்கும் சொல் என்பதோடு புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. ஏறத்தாழ 1.3 ஏக்கர். எங்கள் குழுவில் ஒரு பையன் உடனே ஃபோனில் கணக்குப் போட்டு, “55,000 ஸ்கொயர் ஃபீட்டுக்கு மேல வருது அண்ணா, ஒரு அப்பார்ட்மென்ட்டே கட்டிடலாம்” என்றான். ஏழைக் கவிஞரின் எளிய ஆசை என்று நான் சொல்லப்போக, அவன் கண்ணில் அது ரியல் எஸ்டேட்டாகத் தெரிந்தது. நல்லதுதான். அங்கிருந்துதான் பேச்சே சூடு பிடித்தது. ஏக்கர் என்று ஏன் பாரதி கேட்கவில்லை? சென்னை மாகாணத்து வருவாய்த்துறை ஏக்கரிலும் சென்டிலும் அளந்துகொண்டிருந்த காலம் அது. காணி என்பதற்குள் வேறு இரண்டு விஷயங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பழைய தமிழ்க் கணக்கில் காணி ஒரு பின்னம்: 1/80. நான்கு முந்திரி சேர்ந்தால் ஒரு காணி. அதோடு காணியாட்சி என்றால் வழிவழியாக வரும் நில உரிமை. ஆக, அந்த ஒரே சொல்லில் சிறியது என்பதும் உரிமையுடையது என்பதும் சேர்ந்து வருகின்றன. ஏக்கரில் அளவு மட்டும்தான் இருக்கிறது. பாரதி இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினார் என்று நான் வாதாடவில்லை. சொல்லுக்குள் இருப்பது, எழுதுகிறவர் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் பாட்டுக்குள் வந்துவிடும்.

இந்தப் பாட்டில் எனக்கு மிகப் பிடித்த சொல்லைப் புத்தகம் பொருட்படுத்தவே இல்லை. பொருள் தெரிந்த சொல், அதனால் பெட்டிக்குள் வரவில்லை. குயிலுக்குப் பாரதி போடும் வினைச்சொல் ‘கத்துதல்’.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் தமிழ்மொழி மரபு என்று தொல்காப்பியத்திலிருந்து ஒரு பாடம் வருகிறது. அதையொட்டி ஒலிமரபு. காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும். குயில்? கூவும். கத்துவது ஆட்டின் வேலை. பரீட்சையில் குயில் கத்தியது என்று எழுதினால் மரபுப் பிழை, மதிப்பெண் கிடையாது. ஆறாம் வகுப்பில் பாரதியை வைத்துக் குயிலைக் கத்த விடுகிறோம், எட்டாம் வகுப்பில் அதே குயிலைக் கூவ வைக்கிறோம். இரண்டு வருட இடைவெளியில் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்பதில்லை. கேட்க வைக்கும்படி புத்தகத்திலும் ஒன்றும் இல்லை.

தெரிந்த ஒரு தமிழாசிரியரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “கவிஞர் போட்டா உரிமை, நீங்க போட்டா பிழை. அவ்வளவுதான் சார்.” இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பாரதிக்கு உரிமை உண்டு என்பது சரி. அந்த உரிமையை வைத்து அவர் என்ன சம்பாதித்தார் என்பதைச் சொல்லாவிட்டால், கவிதை என்பது பெரியவர்கள் தவறு செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் இடம் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

என்ன சம்பாதித்தார்? எதுகை என்று ஒருவன் சொன்னான், சித்தத்துக்குச் சொன்ன அதே காரணம். சரி. ஆனால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேறு ஒன்றைச் சொன்னாள். “அண்ணா, எங்க தெருவுல வேப்ப மரத்துல குயில் இருக்கு. ஏப்ரல், மேல காலைல நாலரைக்கே ஆரம்பிச்சிடும். கூவல்லாம் இல்ல, கத்துது. எங்க பாட்டி திட்டுவாங்க.” வேளச்சேரிப் பக்கம் கோடையில் தூங்க முயன்ற எவரும் ஒப்புக்கொள்வார்கள். குயிலின் குரல் படிப்படியாக ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் உடைந்து நிற்கும் ஒரு கூச்சல். கூவுதல் என்ற சொல் அந்தக் கூச்சலை எப்போதோ மெழுகிவிட்டது. பாரதி காதால் கேட்டதை எழுதுகிறார். அதோடு விடவில்லை, அந்தக் கத்தல் காதில் ‘சற்றே’ வந்து விழவேண்டும் என்கிறார். கத்துகிற ஒன்று, ஆனால் மெதுவாகக் கேட்கிறது. அப்படியென்றால் அது தூரத்தில் இருக்கிறது. கூவும், சற்றே கேட்கும் என்று எழுதியிருந்தால் மெல்லிய ஒன்று இன்னும் மெல்லியதாகி ஒன்றுமில்லாமல் போயிருக்கும். கத்துதலும் சற்றேயும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, கேணிக்கும் தென்னைக்கும் அப்பால் ஒரு தோப்பையே உண்டாக்கிவிடுகின்றன. அந்தத் தோப்பைப் பற்றி ஒரு சொல்லும் பாட்டில் இல்லை.

மரபு மாறினால் பொருள் வேறாகிவிடும் என்பதுதான் எட்டாம் வகுப்பில் வரும் அந்தத் தொல்காப்பியச் சூத்திரத்தின் சாரம். நாம் அதைத் தடையாக மட்டும் படிக்கிறோம். எச்சரிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் பொருள் வேறாகும் என்பதே ஒரு கருவி. பொருள் வேறாகவேண்டும் என்று விரும்புகிறவன் அங்கேதான் கை வைப்பான். குயில் கூவும் என்ற மரபு தெரியாத பிள்ளைக்குப் பாரதியின் கத்தல் கேட்கவே கேட்காது. ஆகவே ஒலிமரபை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிக்கொடுத்த மறுநிமிடம் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, இங்கே ஏன் இப்படி என்று கேளுங்கள் என்கிறேன்.

இதே பாட்டில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. தொடக்கத்தில் ‘வேண்டும்’ என்று கேட்கத் தொடங்குகிற பாரதி, போகப்போக ‘வேணும்’ என்கிறார். எழுத்து வழக்கில் கதவைத் தட்டி, பேச்சு வழக்கில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார். பராசக்தியிடம் முதலில் மனு, பிறகு அம்மாவிடம் நச்சரிப்பு. அந்த நகர்வுதான் பாட்டின் உணர்ச்சி. நம் பாடநூல்களின் மொழிப் பயிற்சியில் நிரந்தரமாக இருக்கும் ஒரு கேள்வி, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றச் சொல்வது. அந்தப் பயிற்சியை நன்றாகக் கற்ற பிள்ளையிடம் இந்தப் பாட்டைக் கொடுத்தால் எல்லா வேணுமையும் வேண்டும் என்று திருத்திக் கொடுத்துவிடும்.

1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது எழுதிய முகவுரையில், எளிய சொற்கள், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு இவற்றில் காவியம் செய்வதைத் தமிழுக்குப் புத்துயிர் தரும் காரியமாகப் பாரதி சொல்கிறார். எளிய சொல் என்றால் ஏதோ ஒரு சொல் இல்லை. வேண்டுமும் எளிய சொல்தான், வேணுமும் எளிய சொல்தான். இரண்டில் எது, எந்த அடியில் என்பதில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது.

இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பற்றி. ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கும்போது ‘கெட்’ என்றும் வைக்கலாம், ‘ஃபெட்ச்’ என்றும் வைக்கலாம். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கெட் என்று பார்த்தால் கையருகே இருப்பதை எடுக்கிறது என்று படிக்கிறவர் நினைப்பார்; ஃபெட்ச் என்றால் எங்கோ தொலைவில் போய்க் கொண்டுவருகிறது, நேரமாகலாம், தோற்கவும் செய்யலாம். கோட் ரிவ்யூவில் இதற்காக அரை மணி நேரம் சண்டை போடுகிறோம். இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வரும் பொறியாளர் இதை ஒரே மாதத்தில் பிடித்துக்கொள்கிறார். அதே ஆள், ‘ஒரே பொருள் தரும் பல சொற்கள்’ என்று பள்ளியில் ஐந்து வருடம் படித்தவர்.

அந்த ஒரே பொருள் சமாச்சாரம் ஏழாம் வகுப்பு இலக்கணத்தில் முறையாகவே வருகிறது. ஒரு பொருள் குறித்த பல திரிசொற்கள். வங்கம், அம்பி, நாவாய் எல்லாம் கப்பல். இலக்கணத்துக்கு அந்த வகைப்பாடு தேவை, அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பாட்டில் அம்பியில் ஏறுகிறவனும் நாவாயில் ஏறுகிறவனும் ஒரே பயணம் போகிறார்களா? அம்பி ஆற்றையும் கழியையும் கடக்கவும் உதவும் சிறு படகு. நாவாய் கடலோடும் மரக்கலம். முதலாமவன் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவான், இரண்டாமவனுக்காக ஒருத்தி மாதக்கணக்கில் கரையில் நிற்பாள். மூன்றையும் கப்பல் என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விடுகிறது.

பாடநூல் எழுதியவர்களுக்குச் சொல்நுட்பம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆறாம் வகுப்பின் முதல் இயலிலேயே ‘வளர்தமிழ்’ என்ற உரைநடைப் பாடத்தில் பூவின் ஏழு நிலைகள் இருக்கின்றன: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். இலை வகைகளும் உண்டு. மாவுக்கு இலை, பனைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, தாழைக்கு மடல், கமுகுக்குக் கூந்தல். பத்தாம் வகுப்பில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ வருகிறது. தாள், தண்டு, கோல், தட்டை, கழி என்று அடிவகையிலிருந்து ஒரு பெரிய பட்டியல். பொன் மாதிரியான சரக்கு. ஆனால் இதை எதற்குக் கொடுத்திருக்கிறோம்? தமிழ் எவ்வளவு வளமான மொழி பார் என்பதற்குச் சான்றாக. பிள்ளை அதை மனப்பாடம் செய்து, பெருமைப்பட்டு, பரீட்சையில் வரிசை மாறாமல் எழுதிவிடுகிறது. ஏழு சொல்லையும் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் பள்ளியை முடித்துவிடுகிறது. வீட்டில் பத்துப் பதினைந்து வகை உளி இருக்கிறது, எல்லாம் கண்ணாடி அலமாரியில்.

ஒரு சனிக்கிழமை அந்த ஏழையும் கேரம் போர்டில் எழுதி, ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தேன்: ‘பாட்டியின் படத்துக்கு முன்னால் ஒரு ____ கிடந்தது.’ ஏழில் எதைப் போடுவீர்கள்? பெரும்பாலானோர் மலர். ஒருவன் செம்மல். “காஞ்சு போனதுதானே? நேத்து வெச்சது. இன்னிக்கு யாரும் மாத்தல.” மொட்டு என்று ஒருத்தி சொன்னாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மாற்றவும் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அந்த ஏழு சொற்களும் அவர்களுக்குப் பட்டியலாக இருக்கவில்லை. நேற்று, இன்று, யாரோ மறந்துவிட்டார்கள், யாரோ பறித்திருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குள் போய்விட்டது.

மழை வாரம் இன்னும் நன்றாகப் போனது. மழை சம்பந்தமாக உங்களுக்குத் தெரிந்த வினைகளைச் சொல்லுங்கள் என்றேன். சிபிஎஸ்இ பிள்ளைகள் ‘வந்துச்சு’, ‘பெய்ஞ்சுச்சு’, ‘நின்னுச்சு’ என்று மூன்றோடு நின்றார்கள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பத்து சொல்லியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகள், தென்காசிப் பக்கத்துக் குடும்பம், அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அதுவரை வாயே திறக்காதவள். தூத்தல் போடுது, சாரல் அடிக்குது, பிடிச்சுக்கிச்சு, ஊத்துது, கொட்டுது, விட்டுருச்சு, கடைசியாக, வெறிச்சிருச்சு. மற்றவர்களுக்குக் கடைசிச் சொல் புரியவில்லை. “வெறிச்சு பாக்கறதா?” என்று ஒருவன். “இல்ல, மழை வெறிக்கும்ல? மேகமெல்லாம் கலைஞ்சு வெளிச்சம் வரும்ல?” வெறித்தல் என்பதற்கு மழை நிற்றல் என்ற பொருளை அகராதியும் தருகிறது. தெற்கே இன்னும் வீட்டுச் சொல்.

எல்லாரையும் மழையைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இது:

மழை வெறிச்ச வாசல்ல
அம்மா இன்னும் குடைய மடக்கல.

‘மழை நின்ற வாசலில் அம்மா இன்னும் குடையை மடக்கவில்லை’ என்று மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன், அவளைத் திருத்துவதற்காக இல்லை, வகுப்புக்காக. அவள்தான் பதில் சொன்னாள். “நின்னா மறுபடி வரும்ணே. வெறிச்சா வராது. வராதுன்னு தெரிஞ்சும் மடக்கல, அதான்.”

பன்னிரண்டு வயது. இதைவிடச் சுருக்கமான சொல்லாராய்ச்சியை நான் சமீபத்தில் படிக்கவில்லை. குடையை மடக்காமல் இருக்கும் அந்த அம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்பது முழுவதும் ‘வெறிச்ச’வில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நின்ற என்றால் அவர் முன்ஜாக்கிரதைக்காரர். வெறிச்ச என்றால் அவருக்கு வேறு ஏதோ ஆகியிருக்கிறது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றச் சொன்னால் முதலில் பலியாவது இந்தச் சொல்தான்.

இங்கே தொல்காப்பியர் மறுபடியும் உதவிக்கு வருகிறார். செய்யுள் செய்யப் பயன்படும் சொற்கள் நான்கு என்கிறார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். ஏழாம் வகுப்பில் இதைப் படிக்கிறார்கள். திசைச்சொல் என்றதும் இன்று வகுப்பில் வரும் எடுத்துக்காட்டு சாவி, சன்னல். பிறமொழியிலிருந்து வந்தவை. தொல்காப்பியர் சொல்வது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களின் வழக்குச் சொற்களை. அந்தந்த ஊரின் பேச்சு. வட்டாரச் சொல்லுக்குச் செய்யுளில் இடம் உண்டு என்று நம்மிடம் கிடைக்கும் மிகப் பழைய இலக்கண நூலே சொல்லிவிட்டது. தென்காசிப் பெண் வெறிச்ச என்று எழுதினால் அவள் விதியை மீறவில்லை, விதிப்படிதான் எழுதுகிறாள். அவள் பள்ளி நோட்டில் அது சிவப்பு மையில் சுழிக்கப்படும் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. ஏழைப் பிள்ளையிடம் சொல் இருக்கிறது, வசதியான பிள்ளையிடம் இல்லை என்று ஒரு அழகான கதையாக இதை ஆக்கிவிடக் கூடாது. அவளிடம் மழைக்குச் சொல் இருந்தது. அடுத்த வாரம் கடலைப் பற்றி எழுதச் சொன்னபோது, தினமும் பெசன்ட் நகர் போகிற பையன்தான் பேசினான், இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே வாழ்ந்தோமோ அங்கே சொல் சேரும். பள்ளி செய்யவேண்டியது அதை வெளியே எடுக்கவைப்பது. நாம் செய்வது வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்வது.

பாடநூலுக்கு எதிர்முனையில் ‘குழந்தைகளுக்கான கவிதைப் பட்டறை’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. நிலா, வானவில், தென்றல், பனித்துளி. ‘அழகாக எழுதுங்க பசங்களா.’ பிள்ளைகள் அழகாக எழுதிவிடுகிறார்கள், எல்லாரும் ஒரே மாதிரி. போட்டிகளில் பரிசு பெறும் பிள்ளைக் கவிதைகளைப் படித்தால் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். அந்த ஆளுக்கு வயது ஐம்பது இருக்கும்.

நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் கென்னத் கோக்கைப் பார்க்கலாம். அமெரிக்கக் கவிஞர். 1968-இல் நியூயார்க், மன்ஹாட்டனில் பி.எஸ். 61 என்ற அரசுத் தொடக்கப்பள்ளியில் கவிதை எழுதக் கற்றுத்தரப் போனார். அந்த அனுபவத்தை ‘விஷஸ், லைஸ் அண்ட் ட்ரீம்ஸ்’ என்று 1970-இல் புத்தகமாக்கினார். அவர் முறை எளிது: ஒவ்வொரு வரியும் ‘எனக்கு ஆசை’ என்று தொடங்கவேண்டும், அல்லது ஒவ்வொரு வரியிலும் ஒரு நிறம் வரவேண்டும். ஒலியியைபு தேவையில்லை என்று சொல்லிவிட்டார். இயைபுக்காகப் பிள்ளைகள் பொய்ச்சொல் தேடுவது நின்றது. ஆசைக் கவிதையை வாசித்தபோது எனக்குக் காணி நிலம்தான் ஞாபகம் வந்தது. அதுவும் வரிக்கு வரி ‘வேணும்’ போடும் ஆசைப்பட்டியல்தானே? கோக்கின் முறையில் எனக்கு இருக்கும் குறை, அவர் சட்டத்தைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பறக்க விடுகிறார், சொல்லின் பக்கத்தில் அவ்வளவாக உட்காருவதில்லை. மூன்று வருடம் கழித்து, 1973-இல் வந்த ‘ரோஸ், வேர் டிட் யூ கெட் தட் ரெட்?’ அதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அதில் பிளேக், டன், விட்மன், லோர்க்கா என்று பெரியவர்களின் கவிதைகளையே அந்தப் பிள்ளைகளோடு வாசித்து, அங்கிருந்து எழுத வைக்கிறார். குழந்தைகளுக்கென்று தண்ணீர் ஊற்றிய கவிதை தேவையில்லை என்று அந்தப் புத்தகத்தை மூடும்போது தோன்றும்.

நம்மிடம் கோக்கிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மனப்பாடப் பகுதி. நவீன ஆட்கள் பலர் இதைத் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். ‘அடிபிறழாமல் எழுதுக’ என்பது நம் தேர்வு முறையில் கவிதைக்குக் காட்டப்படும் ஒரே மரியாதை. சொல் மாறினால் அங்கே மதிப்பெண் போகும். அதாவது அந்த ஒரு கேள்வியில் மட்டும் சித்தம் உள்ளமாகாது. மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளையிடம்தான் சொல்லை மாற்றி விளையாட முடியும். இனியவைகூறலின் கடைசிக் குறள் தெரிந்த பிள்ளையிடம், அங்கே ‘கவர்தல்’ வரும் இடத்தில் ‘தின்னுதல்’ என்று போட்டால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் இரண்டு பதில் வந்தது. கனி, காய், கவர் என்று ‘க’ வரிசையாக வருகிறது என்று ஒருத்தி. “கவர்ந்தான்னா பிடுங்கற மாதிரி. கோவத்துல பேசறவன் அப்படித்தானே, யாரோ தடுக்க வர்ற மாதிரி அவசரமா பேசுவான்” என்று ஒருவன். பாட்டு உள்ளே இருந்ததால் அவர்களால் இது முடிந்தது. குறை மனப்பாடத்தில் இல்லை, மனப்பாடத்தோடு நிறுத்திக்கொள்வதில்.

2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. சட்டத்தால் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் உட்கார வைக்க முடியும். உட்கார்ந்த பிள்ளை நாற்பது நிமிடத்தில் என்ன பார்க்கிறது என்பது கோடு போட்டு இணைப்பதில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நீட்டும் ஜேஇஇயும் வந்து பாதிப் பேரை எடுத்துக்கொண்டுவிடும். நடுநிலைப் பள்ளியின் அந்த மூன்று வருடங்கள்தான் பலருக்குக் கவிதையோடு இருக்கப்போகும் மொத்த நேரம்.

மேலே சொன்ன தமிழாசிரியரிடம் மறுபடியும் பேசினேன். அவருக்கு ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பேர், முடிக்கவேண்டிய பாடம் தனி, நிரப்பவேண்டிய படிவங்கள் தனி. “உங்களுக்கென்ன சார், ஏழு பிள்ளைங்க, சனிக்கிழமை” என்றார். மறுக்க முடியாது. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, ஒவ்வொரு செய்யுளுக்கும் ஒரே ஒரு சொல், ஐந்து நிமிடம் என்றேன். பொருள் பெட்டியில் இருக்கும் சொல்லாக இருக்கக் கூடாது, எல்லாருக்கும் பொருள் தெரிந்த சொல்லாக இருக்கவேண்டும். அதைப் பலகையில் எழுதிவிட்டு, கவிஞர் இதற்குப் பதில் வேறு எதை எழுதியிருக்கலாம், ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்கவேண்டும். விடை சொல்லக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸாப்பில் கரும்பலகையின் படம் அனுப்பினார். நடுவில் பெரிதாகக் ‘கத்தும்’. சுற்றிலும் பிள்ளைகளின் கையெழுத்தில் கூவும், பாடும், அழைக்கும், கூப்பிடும், அலறும். ஓரத்தில் யாரோ சின்னதாக ‘அழும்’ என்று எழுதி, பிறகு அழித்திருக்கிறார்கள். சாக்பீஸ் தடம் தெரிகிறது. படத்தின் கீழே ஆசிரியர் எழுதியிருந்தது: “பெல் அடிச்சும் போக மாட்டேங்கறாங்க. அடுத்த பீரியட் கணக்கு சார் வாசல்ல நிக்கறார்.”